பட்டறைப் பதில்கள்: பழைய பிக்கப்புக்கு ஒரே முன்னச்சு

கேள்வி: என்னிடம் 1987 மாடல் டொயோட்டா பிக்கப் இருக்கிறது. 22ஆர்ஈ இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ். பெரிய டயர் போடுவதற்காக முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியை முறுக்கி முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கினேன். ஆறு மாதத்தில், முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை (பூட்) இரண்டு முறை கிழிந்துவிட்டது. பாறைப் பாதையில் போனால் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. 'ஐ.எஃப்.எஸ்ஸை (இரண்டு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) அறுத்துப் போட்டுவிட்டு சாலிட் ஆக்சில் (இரண்டையும் இணைக்கும் ஒரே அச்சு) மாட்டு' என்று கூட வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். 1983 வண்டியின் முன்னச்சு ஒன்றை, பழைய வண்டி உடைத்து விற்கும் யார்டில் பார்த்து வைத்திருக்கிறேன். வெல்டிங் ஓரளவு தெரியும். வீட்டு ஷெட்டிலேயே செய்யலாமா ஐயா?
— வாசகர், டூசான், அரிசோனா

பதில்: செய்யலாம் தம்பி. என் 1988 வண்டிக்கு நானும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான் செய்தேன். ஆனால் யார்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். முறுக்கிய டார்ஷன் பாரைப் பழைய உயரத்துக்கு இறக்கி, புது பூட் போட்டு, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

காரணம் சொல்கிறேன். பாரை முறுக்கினால் வண்டி உயரும், ஆனால் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் கூடாது. மேல் ஆர்ம் கீழே இறங்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே எப்போதும் நிற்கும். குழி வந்தால் சக்கரம் இறங்க இடமில்லை, அதனால்தான் அந்தரத்தில் தொங்குகிறது. சி.வி. ஷாஃப்டும் நேர் ரோட்டில் ஓடும்போதுகூட வளைந்தே சுற்றுகிறது. பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழிகின்றன. ஆக, உங்கள் இரண்டு புகார்களிலும் பாதி அந்த இரண்டு அங்குலத்தால் வந்தது. இறக்கிய பிறகு வண்டி நீங்கள் போகும் பாதைக்குப் போதும் என்று தெரிந்தால், அப்படியே விட்டுவிடுங்கள். வாரம் ஐந்து நாள் ஹைவேயில் வேலைக்குப் போய், மாதம் ஒரு நாள் மணல் ஓடையில் இறங்குகிறவருக்கு ஐ.எஃப்.எஸ்தான் சுகம். அதை அறுத்தபின் வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாறை ஏறுவதுதான் உங்கள் ஆசை என்றால் கதை வேறு. அப்போது ஒரே அச்சுக்கு ஈடு இல்லை. தண்ணீர்க் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் மேலே போனால் மறு குடம் கீழே இறங்கும். அதேபோல ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது அச்சே சாய்ந்து மறு சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. இன்னொன்று, இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஸ்பிரிங் அமுங்கினாலும் கிட்டத்தட்ட அந்த உயரம் அப்படியே இருக்கும். ஐ.எஃப்.எஸ்ஸில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு கட்டியிருப்பதால் ஸ்பிரிங் அமுங்கும்போது அதுவும் சேர்ந்து தரைக்கு வரும். சரியாகக் கல் இருக்கும் இடத்தில்தான் வந்து இடிக்கும்.

உங்கள் யார்டு அச்சு பொருந்துமா? பொருந்தும். அமெரிக்காவுக்கு டொயோட்டாவின் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் 1979-இல் வந்ததிலிருந்து 1985 வரை முன்னால் லீஃப் ஸ்பிரிங்கும் ஒரே அச்சும்தான். 1986-இல் ஐ.எஃப்.எஸ்ஸுக்கு மாற்றினார்கள். உங்கள் வண்டி இரண்டு வருடத்தில் தவறவிட்டுவிட்டது. இரண்டிலும் முன் டிஃபரன்ஷியல் வலது பக்கம்தான், ஆறு போல்ட் சக்கரம்தான். அதனால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொட வேண்டியதில்லை. 'ஃபோர்டு அச்சு இன்னும் கெட்டி' என்று யாராவது சொல்வார்கள். பழைய ஃபோர்டு எஃப்-வரிசையின் டேனா 44 அச்சில் டிஃபரன்ஷியல் இடது பக்கம் இருக்கும். அதை மாட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்ற வேண்டிவரும். வேண்டாம்.

உங்கள் ஐ.எஃப்.எஸ்ஸின் ரிங் கியர் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) ஏழரை அங்குலம், பழைய அச்சில் எட்டு அங்குலம். சி.வி. பூட் தொல்லையும் போகும். பழைய அச்சில் ஜாயின்ட் வெளியே தொங்குவதில்லை. சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் உருண்டையான நக்கிளுக்குள் கிரீஸில் உட்கார்ந்திருக்கும். பர்ஃபீல்ட் என்பார்கள். அதற்கும் எல்லை உண்டு. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி வைத்துக்கொண்டு, சக்கரம் கல்லில் மாட்டியிருக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் அது உடையும்.

யார்டில் பார்க்க வேண்டியவை: நக்கிளைக் கையால் இருபுறமும் திருப்பி, அந்த உருண்டையின் மேற்பரப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள் இருந்தால் சீல் நிற்காது. கிரீஸ் கெட்டியாக இல்லாமல் ரசம் போல ஒழுகினால் உள்ளே இருக்கும் ஆயில் சீல் போய், கியர் ஆயில் வந்து கலந்துவிட்டது என்று அர்த்தம். அது சரிசெய்யக்கூடியது, விலையில் குறைத்துக் கேளுங்கள். ஹவுசிங் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூல் பிடித்து வளைவு பாருங்கள். வளைந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டும் மையம்) ஹப் வரை, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு, ஸ்டியரிங் ஆர்ம் எல்லாம் சேர்த்து முழுசாக வாங்குங்கள்.

பல் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்பது, பின்னச்சோடு ஒன்றாக இருக்க வேண்டும். இது கண்டிப்பு. பின்சக்கரம் ஒன்றைத் தரையில் கட்டை கொடுத்து நிறுத்தி, இன்னொன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டுக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். டிஃபரன்ஷியலுக்கு வரும் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நாலுக்குக் கொஞ்சம் மேலே என்றால் 4.10. யார்டு அச்சிலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இதே கணக்கைப் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் முன்னும் பின்னும் இழுபறி நடந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் செத்துப்போகும்.

இப்போது வேலைக்கு வருவோம். ஊரில் லாரிப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கட்டும் பட்டறையில் நான் வேலை பழகியபோது மேஸ்திரி எங்களுக்கு முதலில் கொடுத்தது தூக்குக்குண்டுதான், ஸ்பேனர் பிறகுதான் வந்தது. நீங்களும் கிரைண்டரை எடுக்கும் முன் அதை எடுங்கள். வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, சேசிஸின் இரண்டு பக்கமும் நாலைந்து இடங்களிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முன்சக்கர மையம், பின்சக்கர மையம் இரண்டையும் குறியுங்கள். பிறகு கொத்தனார் வீட்டுக்கு மூலைமட்டம் பார்ப்பதைப் போல, இடது பின்னிலிருந்து வலது முன், வலது பின்னிலிருந்து இடது முன் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். என் வண்டியில் கால் அங்குலம் வித்தியாசம் வந்தது. எப்போதோ எங்கோ மோதிய வண்டி, விற்றவர் சொல்லவில்லை. அது தெரியாமல் பட்டையைத் தாங்கும் புது ஹேங்கரைச் சேசிஸின் நுனியிலிருந்து அளந்து வைத்திருந்தால் அச்சு கோணலாகவே உட்கார்ந்திருக்கும். தரையில் இருந்த புள்ளிகள்தான் காப்பாற்றின.

அறுக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் போகும் இடங்களைப் பார்த்து விலக்கிக் கட்டுங்கள். டார்ஷன் பாரின் முறுக்கைத் தளர்த்தாமல் எதையும் தொடாதீர்கள், அதில் இருக்கும் விசை கையை முறித்துவிடும். பிராக்கெட்டுகளை கேஸ் கட்டரால் சேசிஸை ஒட்டி வெட்ட ஆசை வரும். வேண்டாம். ஒரு விரல் கனம் விட்டு வெட்டி, மீதியை கிரைண்டரால் பொறுமையாகத் தேய்த்து எடுங்கள். சேசிஸ் தகடு நாம் நினைப்பதைவிட மெல்லியது. அதில் ஒரு பள்ளம் விழுந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

முன்னால் அசையாத ஹேங்கர், பின்னால் ஆடும் பிடியான சேக்கிள், இதுதான் டொயோட்டாவின் பழைய அமைப்பு, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குப் புது ஸ்பிரிங் வாங்கலாம். 1986-க்குப் பிந்தைய பிக்கப்பின் பின் பட்டைகளையே, பாரம் தாங்கும் அந்தத் தடித்த அடிப்பட்டையை எடுத்துவிட்டு, முன்னால் போடுகிறவர்களும் நிறையப் பேர். நன்றாகத்தான் வேலை செய்கிறது. எல்லாவற்றையும் முதலில் டேக் மட்டும் (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டிங்) அடித்து நிறுத்துங்கள். சக்கரம் மாட்டி, இன்ஜின் எடை முழுவதும் ஸ்பிரிங் மேல் வந்த பிறகு மறுபடி மூலைமட்டம் பாருங்கள். சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங். 'ஓரளவு தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். டேக் நீங்கள் அடியுங்கள், முழு வெல்டிங்கைத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காஸ்டர் கோணம் என்று ஒன்று உண்டு. சைக்கிளின் முன் ஃபோர்க் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ, அதே போல நக்கிள் திரும்பும் அச்சின் தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கையை விட்டாலும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும். சிக்கல் என்னவென்றால், வண்டியைத் தூக்கியபின் ஷாஃப்டுக்கு ஏற்றபடி, அது வந்து மாட்டும் பினியனை மேலே திருப்பினால் காஸ்டர் குறையும். காஸ்டருக்குத் திருப்பினால் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் கஷ்டப்படும். கொஞ்சம் உயரம் என்றால் ஆப்புத் தகடு வைத்து நடுவில் ஒரு சமரசம் செய்யலாம். நிறைய உயரம் என்றால் உருண்டைகளை ஹவுசிங்கிலிருந்து அறுத்துத் திருப்பி வெல்டிங் செய்ய வேண்டும், அது வீட்டு ஷெட் வேலை இல்லை. இதனால்தான் உயரத்தில் பேராசைப்படாதீர்கள் என்கிறேன்.

பழைய அச்சு உங்கள் பின்னச்சைவிட மொத்தம் சுமார் மூன்று அங்குலம் குறுகியது. உங்களுடைய ஐ.எஃப்.எஸ். ஹப்பையும் டிஸ்க்கையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பழைய அச்சில் அவற்றை மாட்டினால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் வெளியே வந்து பின்சக்கரத்தோடு நேராகிவிடும். ஹப் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். உளியை வைத்துத் தட்டிக் கழற்றும் வேலை வேண்டாம்.

ஸ்டியரிங்தான் இந்த மாற்றத்தின் உயிர். அச்சை மாட்டுவது ஒரு வார வேலை, ஸ்டியரிங்கைச் சரியாக அமைக்க அதைவிட நேரம் ஆனாலும் ஆகட்டும். 1985 வரை வந்த வண்டிகளில் ஸ்டியரிங் ராடு முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும். சேக்கிள் பின்னால் இருப்பதால் பட்டை அமுங்கும்போது அச்சு கொஞ்சம் பின்னால் நகரும். ராடு அதே திசையில் இருப்பதால், நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். உங்கள் வண்டியிலேயே இருக்கும் ஐ.எஃப்.எஸ். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸின் வெளிப்பக்கம் நின்று, ஆர்மை இடவலமாக ஆட்டக்கூடியது. அதை வைத்துக்கொண்டு, இரண்டு நக்கிளின் தலையிலும் புது ஆர்ம் போட்டு, பாக்ஸிலிருந்து நக்கிளுக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கை வலது பக்கத்துக்குக் குறுக்காகக் கொண்டுபோங்கள். பட்டை ஏறி இறங்கினாலும் ஸ்டியரிங் அதிகம் ஆடாது. டை ராடும் பட்டைக்கு மேலே வந்துவிடுவதால் கல்லில் இடிபடாது.

அந்த ஆர்ம் நக்கிளின் மேல் நாலு ஸ்டட்டில் உட்காரும். ஒவ்வொன்றிலும் கூம்பு வடிவ வாஷர் இருக்கும். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வண்டி முடிந்த மூன்றாவது வாரம் செடோனாவுக்குப் போய்விட்டு ஐ-17 ஹைவேயில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் ஒரு நூல் தாமதமாகத் திரும்புவது போலக் கையில் பட்டது. சன்செட் பாயின்ட் ஓய்விடத்தில் ஒதுக்கி, டார்ச்சோடு கீழே படுத்தேன். வலது நக்கிளின் தலையில் ஒரு ஸ்டட்டைச் சுற்றி செங்கல் பொடி போலச் சிவப்புத் தூள். தொட்டால் இன்னும் சூடு. நாலு நட்டில் இரண்டு விரலாலேயே சுற்றின, ஒரு கூம்பு வாஷர் இடத்தில் இல்லை. அதைத் தாண்டினால் பிளாக் கேன்யன் சிட்டி வரை நெடிய இறக்கம். பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து டோ வண்டியில்தான் வீட்டுக்கு வந்தோம். தவறு என்னுடையது. புது ஸ்டட் போட்டால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்க வேண்டும் என்று தெரிந்தும் நான் முடுக்கவில்லை. நீங்கள் முதல் நாள் ஓட்டியபின் முடுக்குங்கள், ஒரு வாரம் கழித்து முடுக்குங்கள், பிறகு ஒவ்வொரு பாறைப் பயணத்துக்கும் முன்னால் முடுக்குங்கள்.

பிரேக் ஹோஸைப் புதிதாக, நீளமாகப் போடுங்கள். பழையதை இழுத்துக் கட்டாதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை உயரமான மேட்டில் ஏற்றி, மறுபக்கம் முழுக்க இறங்கிய நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, கூட ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ் விறைக்கக் கூடாது, டயரில் உரசக் கூடாது. முன் ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல்வெட்டான ஸ்பிளைனிலிருந்து கழன்று வரக் கூடாது, முழுக்க அமுங்கும்போது முட்டவும் கூடாது.

அரிசோனாவில் பாதுகாப்புக்கான ஆண்டுச் சோதனை கிடையாது. டூசான், பீனிக்ஸ் பகுதிகளில் புகைச் சோதனை மட்டும்தான். உங்கள் வெல்டிங்கை, உங்கள் ஸ்டட்டை வந்து பார்க்க அரசாங்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். அதனால் ரோட்டில் இறக்கும் முன் அலைன்மென்ட் பார்க்கும் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, அவர் வாயால் சரி என்று சொல்லவையுங்கள்.

கேள்வி: என் மகன் 1992 ஃபோர்டு ரேஞ்சர் வாங்கியிருக்கிறான். கீழே பார்த்தால் முன்னால் பெரிய இரும்பு அச்சு தெரிகிறது. ஏற்கெனவே சாலிட் ஆக்சில்தான் என்கிறான். டயர் மட்டும் உள்பக்கம் தேய்கிறது. சரியா?
— வாசகி, டென்வர்

பதில்: அப்படித் தெரியும் அம்மா, ஆனால் அது ஒரே அச்சு இல்லை. ட்வின் டிராக்ஷன் பீம் என்று ஃபோர்டு 1980-இல் எஃப்-150-இல் கொண்டுவந்த அமைப்பு. மகனைக் கீழே படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கனத்த கைகள் ஒன்றையொன்று தாண்டி எதிர்ப்பக்கச் சேசிஸில் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றும் தன் போல்ட்டில் கதவுக் கீல் போல ஆடும். அதனால் வண்டி உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். ஸ்பிரிங் தளர்ந்து தாழ்ந்திருந்தால் சக்கரத் தலை உள்ளே சாய்ந்து, டயர் உள்பக்கம் தேயும். முதலில் ஸ்பிரிங் உயரத்தையும் கீல் புஷ், ரேடியஸ் ஆர்ம் புஷ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அச்சு மாற்றும் செலவு இப்போது தேவையில்லை.

கேள்வி: 1994 ஹைலக்ஸ். மணிக்கு 70 கிலோமீட்டரில் சின்னக் குழி ஒன்றில் விழுந்தாலும் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது. ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் புதிதாகப் போட்டேன், இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இங்கேயும் யாராவது ஐ.எஃப்.எஸ்ஸுக்கு மாற்றித் தருவார்களா?
— வாசகர், மெல்போர்ன்

பதில்: மாற்றவே மாற்றாதீர்கள்! அமெரிக்காவில் 1985-ஓடு நின்றுபோன அந்த முன்னச்சு உங்கள் ஊருக்கு 1997 வரை வந்தது. டூசான் தம்பி அறுத்து, வெல்டிங் செய்து அடையப் பார்ப்பது உங்களிடம் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது.

டேம்பர் நோயை மறைத்தது, தீர்க்கவில்லை. முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஆட்டம் குறைந்தால் பேலன்ஸ் கோளாறு. குறையவில்லை என்றால் இன்ஜினை ஆன் செய்து, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது இடவலமாக ஆட்ட, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு டை ராடு எண்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள். தளர்வு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

அதுவும் நன்றாக இருந்தால் நக்கிளின் மேலும் கீழும் இருக்கும் பேரிங்தான். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஹப் பேரிங்கின் ஆட்டமும் இதன் ஆட்டமும் கலந்து தெரியும். பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டால் ஹப்பின் ஆட்டம் பெரும்பாலும் நிற்கும், மிஞ்சுவது இதனுடையது. பேரிங் மாற்றும்போது, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளை எந்தப் பக்கம், மேலே கீழே எது என்று எழுதிக் கட்டிவையுங்கள். டை ராடு மாட்டும் துளையில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்து, நக்கிள் திரும்ப ஆரம்பிக்கும் எடையைப் பாருங்கள். சீல், ஷாஃப்ட் எதுவும் மாட்டாத நிலையில் அளக்க வேண்டும். கம்பெனி கையேட்டில் அதற்கு அளவு இருக்கிறது. கையால் திருப்பி 'டைட்டாகத்தான் இருக்கிறது' என்று விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி ஆடும்.

கேள்வி: லீஃப் ஸ்பிரிங் பழசு, முன்னால் காயில் ஸ்பிரிங் போட்டால்தான் சுகம் என்கிறார்கள். உங்கள் கருத்து?
— வாசகர், சான் ஹோசே

பதில்: சுகம் உண்மைதான். ஆனால் லீஃப் பட்டை எடையையும் தாங்கும், அச்சையும் இடத்தில் பிடித்துவைக்கும். காயில் எடையை மட்டும்தான் தாங்கும். அச்சைப் பிடிக்க லிங்க்குகள், இடவலம் நகராமல் இருக்க பான்ஹார்ட் ராடு, அந்த ராடு டிராக் லிங்க்குக்கு இணையாகவும் கிட்டத்தட்ட அதே நீளத்திலும் அமைய வேண்டிய கட்டாயம் என்று கணக்கு நீளும். இணையாக இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். முதல் வண்டிக்கு லீஃப் போடுங்கள்.

டூசான் தம்பிக்கு ஒரு வரி: டேக் அடித்து, எடை இறக்கி, அளந்த பிறகு, முழு வெல்டிங்குக்கு முன் தரைப் புள்ளிகளோடு சேர்த்து நாலு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.